எண்ணெய்க் கிணற்று நீரும் சவ்வுச் சுத்தியும்

செங்கற்பட்டு ஜில்லாவின் கடலோரக் கிராமங்களில் நிலமுடையோர்க்கு உவர்நீரின் குணத்தை எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாகச் செய்யூர் வரையில், ஒரு கொல்லைக் கிணற்றில் இனிய நீர் ஊற, அதற்கு அடுத்த கொல்லையிற் கரிப்பு நீர் ஊறுவது எவரும் கண்டதே. மணலில் மேலாக நிற்கும் நன்னீரை அளவு மிஞ்சி இறைத்தால், கீழுள்ள கடல்நீர் ஏறிவந்து கிணற்றைக் கெடுக்கும். கெட்ட கிணறு சில நல்ல மழைக்குப் பின்னரே தேறும். சில கிணறுகள் தேறாமலே போவதுமுண்டு.

இந்த ஜில்லாவில் எண்ணெய்க் கிணறு இல்லை. ஆயினும், தெற்கே காவிரிப் படுகையில் 1960-களிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் தேடித் துளையிட்டு வந்திருக்கின்றனர். அக்கிணறுகளிலிருந்து எண்ணெயோடு மேலேறும் உவர்நீரை என் செய்வது என்னும் கேள்விக்கு இந்நாளிற் சொல்லப்படும் விடைகளுள் ஒன்று, அதனைச் சவ்வின் வழியே செலுத்திச் சுத்தி செய்வது. அதே வகைச் சவ்வு செங்கற்பட்டுக் கடற்கரையில் நெம்மேலியிலும் கல்பாக்கத்திலும் நிறுவப்பெற்றுள்ளது. ஆதலின் இச்சவ்வு செய்வது யாது, செய்யமாட்டாதது யாது என்பதை அருகிலிருந்து அறியத்தக்க வாய்ப்பு இவ்வூரார்க்கு உண்டு. சுத்தி செய்த கழிவுநீரை வயலுக்குத் தரலாம் என்னும் பேச்சு எங்கே எழுந்தாலும், கேட்கவேண்டிய கேள்விகளை இதனின்று கற்றுக்கொள்ளலாம்.

எண்ணெய்க் கிணற்று நீரின் இயல்பு

எண்ணெயும் எரிவாயுவும் பூமியின் அடியில் ஏரிபோல் தேங்கி நிற்பவை அல்ல. நுண்ணிய துளைகளையுடைய பாறையில், பஞ்சில் நீர் ஊறியிருப்பதுபோல, அவை ஊறியிருக்கின்றன. அப்பாறையிலேயே மிகப் பழைய நீரும் தங்கியிருக்கின்றது. கிணற்றுக் குழாய் வழியே எண்ணெய் மேலேறும்போது இந்நீரும் உடன் வருகின்றது. உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்க்குமிடத்து, ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறக்குறைய மூன்று பீப்பாய் நீர் வெளிவருவதாகக் கணக்கிடுவர். கிணறு பழையதாக ஆக, எண்ணெய் குறைந்து நீர் மிகும்.

இந்நீரின் உப்பு இடத்துக்கு இடம் வேறுபடும். சில வயல்களில் லிட்டருக்கு இரண்டு மூன்று கிராமே இருக்கும். வேறு சிலவற்றில் 200 கிராமுக்கும் மேற்படும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு என்பதை இதனோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம். உப்பன்றி, நீரோடு கலந்து நிற்கும் எண்ணெய்த் திவலைகள், நீரிற் கரைந்த பென்ஸீன் முதலிய நச்சு வஸ்துக்கள், பேரியம், ஸ்ட்ரான்ஷியம், போரான், சிலவிடங்களில் இயற்கையான ரேடியம், கிணற்றைக் காக்கவென்று குழாயில் இடும் மருந்துகள் ஆகியவையும் இருக்கலாம். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுவதாலேயே இந்நீர் நல்லது என்று கொள்ளல் ஆகாது. எண்ணெய் மிதந்தால் கண் காட்டிக்கொடுக்கும். கரைந்த உப்பையும் போரானையும் கண் காட்டாது.

சவ்வின் தொழில்

சவ்வு என்பது மிக மெல்லிய படலம். துணியில் மாவைச் சலிப்பதுபோல, அது சிலவற்றை விட்டுச் சிலவற்றைத் தடுக்கும். துளையின் அளவுக்குத் தக்கபடி சவ்வுகளை நான்கு வகையாகப் பிரிப்பர். முதல் வகை மைக்ரானிற் பத்திலொரு பங்கு முதல் சில மைக்ரான் அளவுள்ள துளையுடையது. வண்டலையும் பெரும்பாலான நுண்கிருமிகளையும் தடுக்கும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு. தலைமயிரின் கனம் 70 மைக்ரான் அளவில் இருக்கும். இரண்டாம் வகை அதனினும் பத்து மடங்கு நுண்ணியது. எண்ணெய்த் திவலைகளையும் கலங்கலையும் நிறுத்தும். மூன்றாம் வகை கடினநீரில் உள்ள சுண்ணாம்பு, மக்னீஷியம் போன்றவற்றில் பெரும்பங்கைத் தடுக்கும். நான்காம் வகையே சோற்றுப்பையும் தடுக்கவல்லது. இதனைத்தான் மக்கள் ஆர்.ஓ. என்று வழங்குகின்றனர்.

ஆர்.ஓ. சவ்வின் தத்துவம் எளிது. உலர்ந்த திராட்சையை நீரில் இட்டால் அது பருக்கின்றது. சர்க்கரை மிகுந்த உட்புறத்தை நோக்கி, தோலின் வழியே நீர் தானாகச் செல்கின்றது. பயிரின் வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவதும் இவ்வாறே. மண்ணின் நீர் வேரினுள்ளே இருப்பதைவிட உப்பு மிகுந்ததாயின், வேர் உறிஞ்சமுடியாமற் போகும். வயலில் நீர் நிற்கும்போதே பயிர் வாடுவது இதனாலேதான். ஆர்.ஓ. முறையில் இவ்வியற்கையைத் திருப்புகின்றனர். உப்புநீரின் பக்கத்தில் பம்பினால் மிகுந்த அழுத்தம் கொடுத்தால், நீர் எதிர்த் திசையிற் சென்று, உப்பைப் பின்னே விட்டுவிட்டு மறுபக்கம் ஒழுகும். கடல்நீரில் நீரின் இயல்பான இழுப்பை வெல்வதற்கு மட்டும் சாதாரண காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 27 மடங்கு வேண்டும். போதிய நீர் கிடைக்க 55 முதல் 70 மடங்கு வரை கொடுப்பர். உப்பு மிக மிக, வேண்டும் அழுத்தமும் மின்சாரமும் மிகும். சவ்வும் குழாயும் தாங்கும் எல்லையும் உண்டு. ஆதலின் லிட்டருக்கு 45 கிராமுக்கு மேல் உப்புள்ள நீரைச் சாதாரண ஆர்.ஓ. சவ்வில் விடுவது இலாபகரமாக இராது.

இச்சவ்வு பயன்படும் நிலையை அடைந்தது 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியா ஸர்வகலாசாலையில், ஸிட்னி லோப் என்பவரும், இந்தியாவிற் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்பவரும் செல்லுலோஸ் அசிட்டேட்டினால் ஒரு சவ்வைச் செய்தனர். மேற்புறத்தில் மிக மெல்லிய இறுகிய படலமும், அதன் கீழே தாங்குவதற்குத் துளைகள் மிகுந்த தடித்த பாகமும் உடையது அது. அதற்கு முன்னிருந்த சவ்வுகள் உப்பைத் தடுத்தனவாயினும் நீரைத் துளித்துளியாகவே விட்டன. புதிய சவ்வினை 1965-இல் கலிபோர்னியாவிலுள்ள கோலிங்கா என்னும் ஊரில் ஊராருக்கு நீர் வழங்க வைத்தனர். அவ்வூர் எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த பகுதியைச் சேர்ந்தது என்பதும், நிலத்தடி நீர் உவராயிருந்தமையால் ஒரு காலத்திற் குடிநீர் ரெயில் வண்டியில் வந்த ஊர் என்பதும் கருதத்தக்கன.

நெம்மேலியும் கல்பாக்கமும்

மாமல்லபுரத்துக்கு வடக்கே, திருப்போரூர் வட்டத்தைச் சேர்ந்த நெம்மேலிக் கடற்கரையில், நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை 2013 பிப்ரவரியில் திறக்கப்பெற்றது. அதன் அருகில் 15 கோடி லிட்டர் தரும் மற்றோர் ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பெற்றது. இதற்கு அண்மையில் பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் தரும் பெரிய ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினர். இவற்றின் நீர் சென்னை நகரின் தென்பகுதிக்கும் அதனைச் சார்ந்த ஊர்களுக்குமாகத் திட்டமிடப்பெற்றது, பாசனத்துக்கன்று. கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார், நாளொன்றுக்கு 18 லட்சம் லிட்டர் தரும் ஆர்.ஓ. பிரிவை 2002-இல் இயக்கத் தொடங்கினர். கடல்நீரை ஆவியாக்கிக் குளிரச்செய்யும் மற்றொரு பிரிவும் பிறகு அதனோடு சேர்க்கப்பெற்றது.

இவ்வாலைகளைக் கண்டோர் முதலில் உணர்வது ஒன்றுண்டு. உள்ளே வரும் நீர் முழுவதும் நன்னீராக வெளியே வருவதில்லை. கடல்நீரில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கே நன்னீராகின்றது. 100 லிட்டர் கடல்நீரில் 3½ கிலோ உப்பு உண்டு. அதில் 40 லிட்டர் நன்னீராகப் பிரிந்தால், எஞ்சிய 60 லிட்டரில் அந்த 3½ கிலோ உப்பும் அநேகமாக முழுமையும் அடங்கிவிடும். அதாவது லிட்டருக்கு 58 கிராம். சவ்வு உப்பை அழிப்பதில்லை. நீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் உப்பைச் சேர்த்துவிடுகின்றது. இது ஒன்றே இப்பாடத்தின் சாரம்.

நெம்மேலியில் அந்த உவர்ச்சாறு மீண்டும் கடலுக்கே செல்கின்றது. கடல் பரந்தது, எனினும் உவர்ச்சாறு விழும் இடத்தில் அது நீரினும் கனமாயிருந்து அடியில் தங்கக்கூடும். ஆதலின் அலை நன்கு கலக்கும் இடத்தில், பல துவாரங்களின் வழியே பரப்பிவிடுதல் முறை. அவ்வாலையை அடுத்துள்ள சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவர் கரை அரிப்பைக் குறித்தும் கடலைக் குறித்தும் முறையிட்டதும் உண்டு. கடல் அருகில் இருக்கும் இடத்திலேயே எஞ்சிய உப்பைப்பற்றி இவ்வளவு கவனம் வேண்டுமாயின், கடலில்லாத உள்நாட்டில் எவ்வளவு வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

எண்ணெய் நீருக்குச் சவ்வு மட்டும் போதாது

கடல்நீரைச் சுத்தி செய்வதைவிட எண்ணெய்க் கிணற்று நீரைச் சுத்தி செய்தல் கடினம். ஆர்.ஓ. சவ்வின்மேல் எண்ணெய் படிந்தால், மெழுகு பூசிய துணிபோல் அது நீரை விடாது. ஆகவே படிப்படியாகச் செல்லவேண்டும். முதற்படியில் நீரைப் பெருந்தொட்டியில் அசையாமல் நிறுத்தினால், மிதக்கும் எண்ணெய் மேலே திரளும், அதனை வழித்தெடுப்பர். இரண்டாம் படியில் அடியிலிருந்து நுண்ணிய காற்றுக் குமிழிகளை விடுவர். எஞ்சிய திவலைகள் குமிழிகளோடு ஒட்டி மேலேறும். மூன்றாம் படியில் மணல், அல்லது உடைத்த வாதுமைக்கொட்டை ஓடு நிறைந்த தொட்டியில் வடிப்பர். அவ்வோடு எண்ணெயை நன்கு பற்றும், கழுவினால் எளிதில் விட்டுவிடும். நான்காம் படியில் இரண்டாம் வகைச் சவ்வு வரும். இதற்குச் சூட்டையும் காரத்தையும் தாங்கும் மண்பாண்ட இனச் சவ்வு ஏற்றது. தேவையான இடத்தில் சுண்ணாம்பு, சோடா இட்டுக் கடினத்தன்மையை நீக்கி, கரைந்த நச்சு வஸ்துக்களைக் கரியிலோ நுண்ணுயிர்த் தொட்டியிலோ போக்கிய பின்னரே, நீர் ஆர்.ஓ. சவ்வுக்குச் செல்லும்.

இப்படிகளில் ஒன்று தவறினாலும் பிந்திய சவ்வு கெடும். நன்கு பேணினாலும் சவ்வை அடிக்கடி அமிலத்தாலும் காரத்தாலும் கழுவவேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். கழுவிய நீரும் ஒரு கழிவே. ஆகவே, ஆலையைக் கட்டுவதற்குப் பணம் உண்டு என்பது மட்டும் போதாது. ஆண்டுதோறும் நடத்துவதற்குப் பணமும் தேர்ந்த ஆட்களும் உண்டா என்பதைக் கேட்கவேண்டும்.

உப்பு எங்கே போகின்றது?

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஓரிடத்தில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கிணற்று நீர் மேலேறுவதாகவும், அதில் லிட்டருக்கு 20 கிராம் உப்பு இருப்பதாகவும் கொள்வோம். மொத்த உப்பு 2,000 கிலோ. சவ்வின் வழியே 60,000 லிட்டர் நன்னீர் கிடைத்தால், எஞ்சிய 40,000 லிட்டரில் லிட்டருக்கு 50 கிராம் உப்பு நிற்கும். அதனையும் காய்ச்சி வற்றச்செய்தால், 50 கிலோ மூட்டையாக நாளொன்றுக்கு 40 மூட்டை உப்பு சேரும். ஓர் ஆண்டில் 14,600 மூட்டை. அது உண்பதற்குரிய உப்பன்று. எண்ணெயும் பேரியமும் கலந்தது. இதனை வைப்பது எங்கே என்பதற்கு விடையில்லாத திட்டம் முழுமையான திட்டம் ஆகாது.

எண்ணெய்த் தொழிலில் உலகெங்கும் மிகுதியாக வழங்கும் வழி, இந்நீரை மீண்டும் ஆழமான பாறைக்குள் செலுத்திவிடுவதே. செலுத்தும் கிணற்றின் இரும்புக் குழாயும் அதனைச் சூழ்ந்த சிமிண்டும் பழுதற்றனவாயின், குடிநீர் ஊற்றுக்கு வெகு கீழே அது தங்கும். குழாய் துருப்பிடித்தோ சிமிண்டு விட்டோ போனால், உவர்நீர் மேலேறி ஊற்றிற் கலக்கும். தஞ்சை ஜில்லாவிற் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30-ஆம் நாள் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது ஊரார் கொதித்தெழுந்ததன் உட்பொருள் இவ்வச்சமே. 2020-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், காவிரிப் படுகையிற் குறித்த பகுதிகளில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் புதிய முயற்சிகளைத் தடுத்தது. முன்பே நடந்துவந்த கிணறுகளை அது மூடவில்லை. ஆகவே அவற்றின் நீரைப்பற்றிய கேள்வி அச்சட்டத்தினால் தீர்ந்துவிடவில்லை.

கழிவுநீரைச் சவ்வினாற் சுத்தி செய்த பெரிய அனுபவம் தமிழ்நாட்டில் எண்ணெய் வயலில் அன்று, திருப்பூரிலே கிட்டியது. அங்குச் சாயப்பட்டறைகளின் உப்புநீர் நொய்யலில் விழுந்தது. வேளாண்மைக்கென்று கட்டிய ஓரத்துப்பாளையம் அணையிற் சாயநீர் தேங்கி, அணை பாசனத்துக்கு உதவாமற் போயிற்று. கீழ்நிலங்களின் கிணறுகளும் கெட்டன. விவசாயிகள் வழக்காடினர். ஆற்றில் ஒரு துளியும் விடாத முறையைக் கைக்கொள்ளாத பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. அதன்பின் பொதுச் சுத்தி நிலையங்களில் ஆர்.ஓ. சவ்வும், எஞ்சிய சாற்றை வற்றச்செய்யும் யந்திரங்களும் முழுமையாக ஏற்பட்டன. நீர் பெரும்பங்கு பட்டறைக்கே திரும்புகின்றது. உவர்ச்சாற்றிலும் ஒரு பங்கு சாயமேற்றுவதற்குத் திரும்பப் பயன்படுகின்றது. ஆயினும் பயன்படாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் கொட்டகைகளிற் குவிந்தது. சவ்வு ஆற்றைக் காக்க வல்லது. உப்பை மறைய வைக்க வல்லதன்று என்பதற்கு இதுவே சான்று.

செங்கற்பட்டு ஜில்லாவார்க்கு இன்னும் அண்மையான பாடம் பாலாறு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவினால் பாலாற்றுப் படுகையின் கிணறுகளும் வயல்களும் கெட்டமையை விசாரித்த உச்ச நீதிமன்றம், 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே சீர்செய்யும் செலவையும் நஷ்ட ஈட்டையும் ஏற்கவேண்டும் என்னும் நெறியை அத்தீர்ப்பு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாகக் கொண்டது. மேலே கெட்ட பாலாறு கீழே இந்த ஜில்லாவிற்றான் கடலை அடைகின்றது.

சுத்தி செய்த நீர் வயலுக்கு ஆகுமா?

ஆகும் இடமும் உண்டு. கலிபோர்னியாவில் கெர்ன் ஆற்றுப் பகுதியில், எண்ணெய்க் கிணற்று நீர் இயல்பாகவே உப்புக் குறைந்தது. 1990-களின் நடுவிலிருந்து அந்நீரை எண்ணெய் நீக்கி, வாதுமை ஓட்டில் வடித்து, வேறு நன்னீரோடு கலந்து பழத்தோட்டங்களுக்கும் பிற பயிர்களுக்கும் பாய்ச்சிவந்தனர். அங்கே ஆர்.ஓ. சவ்வே வேண்டியிருக்கவில்லை. நீர் அவ்வளவு நல்லதாக வாய்ப்பது அரிது. அவ்விடத்திலும், கரைந்து நிற்கும் மற்ற வஸ்துக்களால் விளைபொருளுக்குத் தீங்கு உண்டா என்று ஆராயும்படி பொதுமக்கள் வற்புறுத்தினர்.

பாசன நீரை மதிப்பிடும்போது நான்கு விஷயங்களைப் பார்க்கவேண்டும்.

முதலாவது, மொத்த உப்பு. இதனை மின்கடத்து திறனால் அளப்பர். ஒரு டெசிசைமன் என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 640 மில்லிகிராம் உப்புக்குச் சமம். 0.7 வரையில் அச்சமில்லை; 3-க்கு மேற்பட்டால் பெரும்பாலான பயிர்களுக்குக் கடும் இடர். மண்ணின் சாற்றில் இவ்வளவு 3-ஐக் கடந்தால் நெல்லின் விளைச்சல், ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் நூற்றுக்கு 12 வீதம் குறையும். நிலக்கடலை அதனினும் மென்மையானது; 3.2-க்கு மேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் நூற்றுக்கு 29 வீதம் குறையும். தென்னை இவற்றினும் பொறுக்கும்.

இங்கே ஒரு குறிப்பு. ஆலைக் கழிவுநீரை வெளிவிடுவதற்கு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தார் வழங்கிவரும் எல்லைகளில், கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம், எண்ணெய்ப் பசை 10 மில்லிகிராம் என்பன உண்டு. 2,100 மில்லிகிராம் என்பது 3.3 டெசிசைமன் ஆகும். ஆகவே, எல்லைக்குள் அடங்கிய நீர் என்றால் வெளிவிடத்தக்கது என்றுதான் பொருள். பயிருக்கு ஏற்றது என்று பொருளன்று. இவ்வேறுபாட்டை நிலமுடையோர் நினைவில் வைத்தல் நலம்.

இரண்டாவது, சோடியத்தின் விகிதம். சுண்ணாம்பும் மக்னீஷியமும் குறைந்து சோடியம் மிகுந்த நீர், களிமண்ணைக் குழைத்து இறுகச்செய்யும். நீர் இறங்காது, உழவு கட்டிகட்டியாகப் புரளும். எரிவாயுக் கிணற்று நீர் சிலவற்றில் சோடா மிகுந்திருக்கும். அதற்கு இவ்விடர் அதிகம். ஜிப்சம் இட்டு ஓரளவு திருத்தலாம். ஆனால் வடிகால் வசதி இல்லாத நிலத்தில் ஜிப்சமும் பலன் தராது.

மூன்றாவது, போரான். இது ஆர்.ஓ. சவ்வையும் ஓரளவு கடந்துவிடும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 4½ மில்லிகிராம் போரான் உண்டு. ஒரே சவ்வைக் கடந்த நீரில் ஒரு மில்லிகிராமளவு எஞ்சுவது சாதாரணம். மனிதர்க்கு அதனால் இடரில்லை. எலுமிச்சை, அவரை போன்றவற்றுக்கு இலை நுனி கருகும்.

நான்காவது, இல்லாமை. நீர் அளவு மிஞ்சித் தூய்மையாயினும் குறையுண்டு. இஸ்ரேலில் அஷ்கெலான் நகரின் கடல்நீர் ஆலை 2005-இல் தொடங்கியபின், அந்நீரைப் பாய்ச்சிய வயல்களில் மக்னீஷியக் குறைவு தோன்றியது. நிலத்தடி நீரில் இயல்பாக வந்துகொண்டிருந்த மக்னீஷியம் சவ்வினால் நீங்கிவிட்டமையே காரணம். ஆகவே சவ்வு நீரை அப்படியே பாய்ச்சாமல், வேறு நீரோடு கலந்தோ உரமாகச் சேர்த்தோ பாய்ச்சவேண்டும்.

சிறிதளவு உப்பும் ஆண்டுக்கணக்கில் எவ்வளவாகும் என்பதை அறிய, மற்றொரு கணக்கு. ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நீர் பாய்ச்சினால் ஏறக்குறைய 1,03,000 லிட்டர் ஆகும். லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள நீராயின், ஒவ்வோர் அங்குலத்தோடும் 206 கிலோ உப்பு, அதாவது நான்கு மூட்டைக்குச் சற்று மேல், வயலில் இறங்கும். நெல் ஒரு போகத்துக்கு 40 அங்குலம் எனக் கொண்டால் 8 டன்னுக்கு மேல். பயிர் நீரைக் குடித்து உப்பை விட்டுவிடும். மழை பெய்து, அவ்வுப்பு கீழே இறங்கி வடிந்து போனாலன்றி, அடுத்த போகத்துக்கு அதுவே சொத்தாக நிற்கும்.

நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

1. கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை, சித்திரையில் ஒருமுறையும் மழைக்குப் பின் தையில் ஒருமுறையும், பரிசோதித்து எழுதிவைக்கவேண்டும். பம்பைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அந்நீரினாலேயே மூன்று முறை அலம்பி, நிறைய நிரப்பி மூடி, ஸர்வே நம்பரையும் தேதியையும் ஒட்டி, தாமதமின்றி மண், நீர்ப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புக. ஆலை வருமுன் எழுதிய கணக்கே, ஆலை வந்தபின் நஷ்டத்தை மெய்ப்பிக்கும் சான்று. பாலாற்றிலும் நொய்யலிலும் வழக்காடியோர்க்குப் பரிசோதனைத் தாள்களே பெருந்துணையாயின.

2. அறிக்கையில் மின்கடத்து திறன், சோடிய விகிதம், கார்பனேட்டு மிகுதி, போரான் ஆகிய நான்கும் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். எண்ணெய்க் கிணறு அருகிலிருப்பின் எண்ணெய்ப் பசையையும் பேரியத்தையும் தனியே கேட்டுப் பெறவேண்டும்.

3. கழிவுநீர் ஆலை எதற்கும் கருத்துக் கேட்கும் கூட்டம் நடைபெறுமாயின், மூன்று கேள்விகளைக் கேட்டு விடையை எழுத்தில் வாங்கவேண்டும்: உள்ளே வரும் நீரில் எத்தனை பங்கு நன்னீராகும்? எஞ்சிய உவர்ச்சாறு எங்கே, எத்தனை ஆண்டு செல்லும்? மின்சாரமோ யந்திரமோ நின்ற நாளில் வரும் நீரை எங்கே நிறுத்துவர்?

4. கிராமங்களிற் குடிநீருக்கென்று வைத்திருக்கும் சிறு ஆர்.ஓ. யந்திரங்களின் கழிவையும் கவனிக்கவேண்டும். உள்ளே செல்லும் நீரில் பெரும்பகுதி உவர்ச்சாறாக வெளிவருவது உண்டு. அதனை ஏரிக்கோ, குளத்துக்கோ, வாய்க்காலுக்கோ திருப்புவது, ஏரிப் பாசனத்தையே நம்பிய இந்த ஜில்லாவில் மெல்லக் கொல்லும் செயலாகும். பாத்திரம் கழுவுதல், கழிவறை, கட்டட வேலை ஆகியவற்றுக்கு அதனைப் பயன்படுத்தலாம்.

5. உவர்நீரையே பாய்ச்ச நேர்ந்தால், மழைநீரோடு கலந்தோ மாற்றி மாற்றியோ பாய்ச்சி, வடிகாலைத் தூர்வாரி வைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையை வரப்புக்குள் நிறுத்தி உப்பைக் கழுவவேண்டும்.

6. கடலோரத்தில் ஆழ்குழாய்க் கிணற்றின் ஆழத்தைக் கூட்டுவதால் நன்னீர் கூடாது. உவர்நீரே விரைந்து ஏறும். ஏரியையும் தாங்கலையும் தூர்வாரி மழைநீரை ஊறச்செய்வது, எந்தச் சவ்வினும் குறைந்த செலவில் உப்பைப் பின்தள்ளும். நன்னீர் மேலிருந்து அழுத்தும் வரையில் கடல்நீர் கீழே அடங்கி நிற்கும்.

சவ்வு ஒரு நல்ல கருவி. வறண்ட ஆண்டில் பெருநகரத்துக்குக் குடிநீர் தருகின்றது. கெட்ட ஆற்றை மேலும் கெடாமற் காக்கின்றது. எண்ணெய்க் கிணற்று நீரையும், உப்பு மிதமாயிருப்பின், பயன்படும் நீராக்கித் தரக்கூடியது. ஆயினும் நெல்லைத் தூற்றினால் பதரும் களத்திலேயே ஒரு பக்கம் விழுவதுபோல, நீரைச் சுத்தி செய்தால் உப்பும் எங்கேனும் ஓரிடத்தில் விழும். அவ்விடம் தம் வயலாகவோ தம் ஊர் ஏரியாகவோ இராதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நிலமுடையோர்க்கும் கிராம அதிகாரிகளுக்கும் உரியது.